கவிதை எழுதுவதும் சொல்லிக்கொடுப்பதும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சைதாப்பேட்டையில் குடியிருக்கிறேன். நான்கு கவிதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. சனிக்கிழமை மாலைகளில் மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறையில் கவிதை வகுப்பு எடுக்கிறேன், இது பதினோராவது வருடம். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது ஒருவர் தயங்கி நின்று, "மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்பார். அப்படிக் கேட்கப்பட்டவைதான் இந்தக் கேள்விகள்.

ஒரு நாள் உங்களுக்கு எப்படிப் போகும்?

நாலரைக்கு எழுந்துவிடுவேன். பால் பாக்கெட் வருவதற்கும் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடத் தொடங்குவதற்கும் முன்னால் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அது கவிதைக்கு. அந்த நேரத்தில் புதிதாக ஏதாவது எழுதியே தீர வேண்டும் என்று உட்காருவதில்லை. பெரும்பாலும் பழைய வரி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தச் சொல் சும்மா நிற்கிறது என்று பார்ப்பேன். சில நாள் ஒரு காற்புள்ளியை எடுப்பதோடு சரி.

அப்புறம் சமையல், அம்மாவுக்கு மாத்திரை. ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை மெய்ப்பு பார்க்கும் வேலை, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவது. சிறிய பதிப்பகங்கள் சில என்னிடம் நூல்களை அனுப்புகின்றன. ஒற்றுப்பிழைதான் அதில் பாதி. "வேலை கொடு" என்றால் வேலைவாய்ப்பு கேட்கிறோம். "வேலைக் கொடு" என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறோம். ஒரு க் கூடினால் இன்னொரு உலகம். கவிதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று உண்மையாகவே நினைக்கிறேன். இருபது வருடமாக இந்த வேலை என் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது.

வெயில் காலத்தில் மதியம் வீட்டில் இருக்க முடியாது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். 2010-இல் திறந்தார்கள். தரைத்தளத்தில், நாம் கொண்டுபோகும் புத்தகத்தையே வைத்துப் படிப்பதற்குத் தனி இடம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சுற்றிலும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் படிக்கிற தீவிரம் எனக்கும் தொற்றிக்கொள்ளும்.

கவிதையை வைத்துப் பிழைக்க முடியுமா?

கணக்கைப் போட்டே சொல்கிறேன். என் கடைசித் தொகுப்பின் விலை 150 ரூபாய், அடித்தது 300 பிரதி, ராயல்டி பத்து சதவீதம். எல்லாம் விற்றால் என் கைக்கு வருவது 4,500 ரூபாய். எல்லாம் விற்க மூன்று வருடம் ஆனது.

ஆக, வீட்டு வாடகை மெய்ப்பிலிருந்தும் வகுப்பிலிருந்தும் மொழிபெயர்ப்பிலிருந்தும் வருகிறது. திருமண அழைப்பிதழுக்கு வாசகம் எழுதியிருக்கிறேன், நகைக்கடை விளம்பரத்துக்கும் எழுதியிருக்கிறேன். அவற்றை நான் குறைவாக நினைத்ததில்லை. பத்தே சொல்லில் ஒரு குடும்பத்தின் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும், எந்தப் பெரியவர் பெயரும் விட்டுப் போகக் கூடாது. அதுவும் கைவேலைதான்.

வேலையை விட்டுவிட்டு எழுத வரலாமா என்று கேட்கிற இளைஞர்களுக்கு என் பதில்: விட வேண்டாம். கவிதை நம்மிடம் சம்பளம் கேட்பதில்லை. நாமும் அதனிடம் கேட்காமல் இருந்தால் இருவருக்கும் நல்லது. வாடகை கட்டியாக வேண்டிய கவிதை சீக்கிரமே கைதட்டலுக்கு அலையத் தொடங்கிவிடும். அதை நெருக்கத்தில் பார்த்திருக்கிறேன்.

கவிதையைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? அது பிறவியிலேயே வர வேண்டாமா?

வீணை வகுப்புக்குப் போகிறவரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. கவிதைக்கு மட்டும் ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

என்னால் சொல்லிக்கொடுக்க முடிவது ஒன்றுதான்: இரவல் சொல்லை அடையாளம் காண்பது. வகுப்புக்கு வருகிற எல்லோரிடமும் முதல் வாரம் ஒரே சொற்கள்தான் இருக்கும். மௌனம், சிறகு, நிலவு, வலி, நினைவுகள், கண்ணீர்த்துளி. இவை கெட்ட சொற்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கோ கேட்டு, பிடித்துப்போய், வாங்கி வைத்துக்கொண்டவை. எழுதுகிறவரின் வீட்டிலிருந்து வந்தவை கிடையாது. அந்தச் சொற்களைத் திருப்பிக் கொடுத்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறதோ, அங்கேதான் அவருடைய கவிதை ஆரம்பிக்கிறது.

வகுப்பில் அப்படி என்னதான் நடக்கும்?

ஒரு வகுப்பை மட்டும் சொல்கிறேன். மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி பார்க்கும் ஒரு பெண் வந்திருந்தார். அப்பா இறந்து ஐந்து மாதம். அவர் எழுதி வந்தது இது (அவர் அனுமதியோடுதான் தருகிறேன்):

நீ இல்லாத வீட்டில்
மௌனம் சிறகடிக்கிறது
நினைவுகளின் நிலவொளியில்
கண்ணீர் மட்டுமே துணை

படித்து முடித்ததும் அறையில் யாரும் பேசவில்லை. துக்கம் உண்மை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த நான்கு வரியில் அவர் அப்பாவைக் காணோம். எந்த அப்பாவாகவும் இருக்கலாம், பிரிந்துபோன காதலனாகவும் இருக்கலாம். "அப்பா வீட்டில் எதைத் தொட்டுக்கொண்டே இருப்பார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஈபி மீட்டர்தான் மேடம்" என்றார். ரீடிங் எடுக்க வருகிறவர் சரியாக எழுதுகிறாரா என்று அவருக்கு எப்போதும் சந்தேகமாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ரீடிங் எடுத்துப் போன கையோடு தானும் பார்த்து, மீட்டர் பெட்டி பக்கத்தில் சுவரில் பென்சிலால் குறித்து வைப்பாராம். வீட்டுக்கு வெள்ளை அடித்தபோதுகூட அந்த ஒரு சாண் சுவரை விட்டுவிடச் சொன்னாராம்.

அடுத்த வாரம் அவர் கொண்டுவந்தது:

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில்
பென்சிலால் அப்பா எழுதிய எண்கள்
4812-இல் நிற்கின்றன.
உள்ளே சிவப்பு விளக்கு
மினுக்கிக்கொண்டிருக்கிறது.
அப்பா இல்லை.

கடைசி வரி வேண்டுமா வேண்டாமா என்று முக்கால் மணி நேரம் பேசினோம். வேண்டாம் என்றோம் கிட்டத்தட்ட எல்லோரும், எண்கள் நின்றுவிட்டன என்பதிலேயே அது இருக்கிறது. ரேஷன் கடையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கார்டுல பேரை எடுக்க வர்றவங்க எல்லாரும் இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்றாங்க. சொன்னாத்தான் அவங்களுக்கே நம்பிக்கை வருது" என்றார். அந்தப் பெண் கடைசியில் வரியை எடுத்துவிட்டார். எடுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அந்த அண்ணன் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

இதே அறையில் நான் வழக்கமாகப் படித்துக் காட்டும் சங்கப் பாட்டு ஒன்று உண்டு, குறுந்தொகையின் 41-ஆம் பாட்டு. அவர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர் போல மகிழ்ந்திருப்பேன், பிரிந்த நாளிலோ மனிதர்கள் விட்டுப் போன வீடு போலப் பொலிவிழந்து கிடப்பேன் என்கிறாள் தலைவி. அந்த வீட்டுக்கு அவள் கொடுக்கும் அடையாளம், அணிலாடு முன்றில். ஆள் நடமாட்டம் இருந்தால் அணில் முற்றத்துக்கு வராது. பயமில்லாமல் விளையாடுகிறது என்றால் வீட்டில் யாரும் இல்லை. மௌனம் என்ற சொல்லே இல்லாமல் மௌனம் கேட்கிறது. எழுதியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, அணிலாடு முன்றிலார் என்றே இன்றுவரை அழைக்கிறோம். ஒரு கவிஞருக்கு இதைவிடப் பெரிய பேறு என்ன இருக்க முடியும்?

அந்தச் சிவப்பு விளக்கும் இந்த அணிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

யாப்பு தெரிந்தால்தான் கவிதை எழுத முடியுமா?

கட்டாயம் இல்லை. யாப்பு என்பது செய்யுளின் ஓசை இலக்கணம்; ந. பிச்சமூர்த்தி 1934-இலேயே அதை விட்டு எழுதிக் காட்டிவிட்டார். சி.சு. செல்லப்பா 1959-இல் திருவல்லிக்கேணியிலிருந்து 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய பிறகு புதுக்கவிதை நன்றாகவே வேரூன்றிவிட்டது.

இருந்தாலும் என் வகுப்பில் மூன்று வாரம் யாப்புக்குத்தான். காரணம் காது. தமிழில் எந்தச் சொல்லும் நேர் (ஓர் உயிரொலி), நிரை (குறிலில் தொடங்கும் இரண்டு உயிரொலி) என்ற இரண்டு வகை அசைகளாகத்தான், அதாவது ஒலித் துண்டுகளாகத்தான், பிரியும். அதைப் பாடநூலிலிருந்து தொடங்கினால் ஆட்கள் தூங்கிவிடுவார்கள். அதனால் நான் ரயிலிலிருந்து தொடங்குவேன், எல்லோரும் மின்சார ரயிலில் வந்தவர்கள்தானே.

கிண்டி: கிண், டி. நேர் நேர், இந்தச் சேர்க்கைக்குப் பெயர் தேமா. எழும்பூர்: எழும், பூர். நிரை நேர், புளிமா. மாம்பலமும் தாம்பரமும் நேர் நிரை, கூவிளம். கடற்கரை நிரை நிரை, கருவிளம். ஆக நான்கு ஈரசைச் சீரும் ஒரே ரயில் தடத்தில் கிடைத்துவிட்டன. சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் மூன்றும் வரிசையாக நாலசை, வெண்பாவுக்குள் நுழைய முடியாது.

பிறகு தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதம். வெண்பாவில் மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும், விளச்சீருக்குப் பின் நேர் வர வேண்டும். கடற்கரையில் ஏறுங்கள். கடற்கரை, கோட்டை: விளம் முன் நேர், பொருந்துகிறது. கோட்டை, பூங்கா: மா முன் நேர், தளை தட்டுகிறது. பூங்கா, எழும்பூர்: மா முன் நிரை, மறுபடி பொருந்துகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பூங்காவில் நாக்கு லேசாக இடறும். ஒரு தடவை அந்த இடறலைக் கேட்டுவிட்டவர் பிறகு வசனத்தில்கூட அதைக் கேட்பார். புதுக்கவிதை எழுதுகிறவருக்கு அந்தக் காது இன்னும் கூடுதலாக வேண்டும், அவருக்குப் பிடித்துக்கொள்ள எதுகை மோனை இல்லையே.

பேச்சுத் தமிழில், சென்னைத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக. வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு தம்பி மூன்று மாதம் செந்தமிழில் எழுதி எழுதிச் சோர்ந்துபோனான். ஒரு நாள் அவன் அம்மாவோடு போனில் பேசுவதைக் கேட்டேன். "அதையே எழுதுப்பா" என்றேன். "இது கொச்சைன்னு ஸ்கூல்ல சொன்னாங்க மேடம்" என்றான். இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். ஒரு பிள்ளையிடம் அவன் தாயின் பேச்சைக் கூடாத ஒன்றாகக் காட்டிவிட்டு, பிறகு அவனைக் கவிதை எழுதச் சொல்கிறோம்.

நாஷ்டா (காலைச் சிற்றுண்டி) உருதுப் பக்கத்திலிருந்து வந்தது, டப்பு (பணம்) தெலுங்கிலிருந்து. இந்த ஊருக்கு யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்ற வரலாறே அந்தப் பேச்சில் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்வேன்: அந்தத் தமிழ் உங்கள் வீட்டில் புழங்கியிருந்தால் எழுதுங்கள். சுவைக்காக எடுத்துத் தூவினால் அதுவும் இரவல்தான்.

நோட்டில் எழுதுகிறீர்களா, போனிலா?

நோட்டில். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்தபோது நாங்கள் தரைத்தள வீட்டில் இருந்தோம். இரவில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். மறுநாள் இறங்கி வந்தபோது கட்டிலுக்கடியில் இருந்த பதினேழு நோட்டும் ஊறிக் கிடந்தன. நீல மை நோட்டுகள் வெறும் நீலமாகிவிட்டன. பால்பாயின்ட் பேனாவில் எழுதிய இரண்டு மட்டும் பிழைத்தன. மொட்டை மாடியில் பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தினேன்.

எட்டு மாதம் ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை. மெய்ப்பு பார்த்தேன், வகுப்பு எடுத்தேன், மற்றவர்கள் எழுதியதைக் கேட்டேன். பிறகு ஒரு காலையில் பேனாவை எடுத்தேன், அவ்வளவுதான். எழுத வரவில்லை என்று கலங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: வேறு வேலை பாருங்கள், மொழிக்குப் பக்கத்திலேயே இருங்கள்.

இப்போது நோட்டுகள் பரணில். ஒவ்வொரு ஞாயிறும் பக்கங்களைப் போனில் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பிவிடுகிறேன். பால்பாயின்ட் மட்டுமே.

முதல் தொகுப்பு கொண்டுவர வேண்டும். என்ன செய்யட்டும்?

முதலில், அவசரப்படாதீர்கள். 2004-இல் என் முதல் தொகுப்புக்கு ஒரு பதிப்பகம் 18,000 ரூபாய் கேட்டது. வளையலை அடகு வைத்துக் கொடுத்தேன். 500 பிரதி என்று வாய்ப்பேச்சு. வந்தது 200, அதிலும் இரண்டு கவிதைகள் பக்கம் மாறியிருந்தன. எழுத்தில் எதுவும் இல்லாததால் கேட்கவும் முடியவில்லை. அந்த வளையல் திரும்ப வரவே இல்லை.

அதனால் ஒப்பந்தம் இல்லாமல் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்காதீர்கள். எத்தனை பிரதி, என்ன ராயல்டி, உரிமை எத்தனை வருடத்துக்கு என்பது மூன்றும் தாளில் இருக்க வேண்டும். நீங்கள் எழுதிய நொடியிலிருந்து பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டும் அது நீடிக்கும். காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக்கொடுத்திருந்தால், இந்தியச் சட்டப்படி அது ஐந்து ஆண்டுக்குத்தான் என்று கொள்ளப்படும். பலருக்கு இது தெரியாது. புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை நம் நாட்டில் இலவசமாகவே தருகிறார்கள், அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பக்கம்: அச்சில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். அதனால் கவிதைத் தொகுப்பு 64, 80, 96 என்று அமைந்தால் தாள் வீணாகாது. முன்னுரை வாங்க அலையாதீர்கள். அந்த நான்கு பக்கத்தில் இரண்டு கவிதை வைக்கலாம்.

புத்தகக் காட்சிக்காக டிசம்பரில் அடித்துப் பிடித்துப் புத்தகம் போடுவது சென்னையில் ஒரு வழக்கமாகிவிட்டது. 1977-இல் தொடங்கிய காட்சி, ஜனவரி என்றால் எங்களுக்கு அதுதான் பொங்கல். நானும் காட்சி நடக்கும் நந்தனத்துக்குத் தினமும் போவேன். ஆனால் அவசரத்தில் வந்த புத்தகங்களின் பிழைகளை நவம்பர் முழுக்கப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பிப்ரவரியில் வந்தாலும் கவிதை கெட்டுப்போகாது.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்குப் போகிறதா என்று பதிப்பாளரிடம் கேளுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுப்பியாக வேண்டும். 1896-இல் திறந்த நூலகம் அது. அங்கே எடுத்து வைத்துவிட்டால், நம் பெயரே தெரியாத ஒருவர் என்றாவது ஒரு நாள் புரட்டுவதற்கு வழி இருக்கிறது.

என் கவிதைகளை அனுப்பினால் படித்துக் கருத்து சொல்வீர்களா?

ஒரே ஒரு கவிதை அனுப்புங்கள், கட்டாயம் படிப்பேன். நாற்பது அனுப்பினால் என்னால் நியாயம் செய்ய முடியாது. அனுப்புவதற்கு முன் வாய்விட்டு மூன்று முறை படியுங்கள். எந்த இடத்தில் குரல் தானாகக் கவியரங்கக் குரலாக மாறுகிறதோ, அந்த வரியைப் பென்சிலால் கோடிட்டு அனுப்புங்கள். நான் முதலில் பார்க்கப்போவது அதைத்தான்.

பரிசு, போட்டி?

கலந்துகொள்ளுங்கள். கிடைத்தால் சந்தோஷம். அதைப் பற்றி எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

வகுப்பில் சேர வயது, தகுதி ஏதாவது உண்டா? என்ன கொண்டுவர வேண்டும்?

பதினாறு வயதுக்கு மேல் யாரும் வரலாம். இப்போது இருப்பவர்களில் மூத்தவருக்கு எழுபத்து மூன்று. எட்டு வாரத்துக்கு 2,400 ரூபாய், முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது.

கொண்டுவர வேண்டியவை நோட்டு, பால்பாயின்ட் பேனா, அப்புறம் உங்கள் வீட்டில் மட்டும் புழங்குகிற ஒரு சொல். இந்த மூன்றாவது பலரைத் திகைக்க வைக்கிறது. எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லையே என்பார்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கும். போன முறை கல்லூரி முதலாண்டுப் பையன் ஒருவன், தன் சொல் ரொம்பச் சாதாரணம் என்று சொல்லத் தயங்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் சொன்னான். தேய்ந்துபோன பழைய சோப்பு வில்லையைப் புது சோப்பின் மேல் ஒட்டி வைப்போம் இல்லையா, அதற்கு அவன் பாட்டி வைத்திருக்கும் பெயர் 'உப்புமூட்டை'. "உப்புமூட்டையைத் தேச்சிக் குளிடா" என்பாராம்.

அவன் இன்னும் அதை வைத்து எதுவும் எழுதவில்லை. சொல்லை என் நோட்டில் குறித்து, பக்கத்தில் அவன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். அது அவனுடையது, நான் எடுக்க மாட்டேன்.